ரேடியேட்டரில் வார்த்த பால்

நைசுலாவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். இரும்பு உடம்பு, பச்சை நிறம், நாலு சக்கரம். மரலால் டவுனில் எந்தக் காலத்திலோ ஏலத்தில் விட்ட பழைய ஜீப். அவள் புருஷன் லெமயான் அதை ஓட்டி வந்து மாட்டுப்பட்டிக்கு வெளியே நிறுத்திய அன்று பட்டியில் ஒன்பது மாடுகள் குறைந்திருந்தன. அதன் பிறகு கியர்பெட்டிக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று, டயர்களுக்கு இரண்டு. கடைசியாகப் போனது நைசுலாவின் சொந்தப் பசு. கல்யாணத்தன்று ஒருத்தி வீட்டுக்கென்று ஒதுக்கிய மாட்டை அவளைக் கேட்காமல் தொடக்கூடாது என்பது மாடு மேய்த்துப் பிழைக்கும் சம்பூரு இனத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். லெமயானும் கேட்கத்தான் செய்தான். பசுவை விற்றுவிட்டு வந்து கேட்டான்.

"நெசமாவே இன்னொருத்தியக் கட்டியிருந்தாக்கூட இத்தன மாடு தின்னிருக்க மாட்டா" என்பாள் நைசுலா. "அவளாச்சும் எனக்கு ஒரு குடம் தண்ணி தூக்கிக் குடுப்பா. இவளுக்கு நான்ல தண்ணி தூக்குறேன்."

அது பொய்யில்லை. ரேடியேட்டர் ஒழுகியது. லெமயான் மக்காச்சோள மாவைக் கரைத்து அதற்குள் ஊற்றுவான். ஒரு வாரம் அடைத்துக்கொள்ளும், பிறகு வேறு இடத்தில் ஒழுகும். ஸ்டார்ட்டர் செத்து நாலு வருஷமாகிறது. அதனால் வண்டியை எப்போதும் சரிவில்தான் நிறுத்துவான். விருந்துக்குப் போனாலும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்ப்பான். பிரேக்கை மூன்று முறை மிதித்தால் நாலாவது முறை பிடிக்கும். இடது கதவை மாட்டுத்தோல் வாரால் கட்டியிருந்தான். இதெல்லாம் அவன் கண்ணுக்குக் குறையாகவே படவில்லை என்பதுதான் நைசுலாவின் வயிற்றெரிச்சல். பத்து நாளில் மூன்று நாள் வண்டி ஓடினால், அந்த மூன்று நாளைப் பற்றியே பத்து நாளும் பேசுவான்.

பொது மேய்ச்சல் நிலத்தைப் பங்கு போடப்போகிறார்கள் என்று இரண்டு வருஷமாகப் பேச்சு. கடைசியில் நாள் குறித்துவிட்டார்கள். கீழ்ச்சந்தையில் பெரிய வேலமரத்தடியில், உச்சிப்பொழுதுக்கு, பதிவேட்டில் உள்ள வரிசைப்படி பெயர் கூப்பிடுவார்கள். பெயர்க்காரர் அடையாள அட்டையோடு முன்னால் வந்து, வரைபடத்தில் தனக்கு வேண்டிய துண்டைத் தொட்டுக் காட்ட வேண்டும். கூப்பிடும்போது இல்லாதவருக்கு எல்லோரும் எடுத்தது போக மிஞ்சியதுதான்.

லெமயான் பதினோராவது. அவனுக்கு முந்திய பத்துப் பேரும் மலையடிவாரத்துக்காரர்கள்; அவர்களுக்கு ஆற்றோரம் வேண்டியதில்லை. ஆகவே ஆற்று வளைவில் இருந்த ஏழாம் துண்டு நேரத்துக்குப் போய் நின்றால் இவர்களுடையது. அங்கேதான் நைசுலா பன்னிரண்டு கோடையாக மணலைத் தோண்டிக் கிணறு எடுத்து வந்தாள். ஒவ்வொரு மழையும் அதை மூடிவிடும், ஒவ்வொரு கோடையும் அவள் திரும்பத் தோண்டுவாள். எந்த இடத்தில் எத்தனை முழத்தில் ஈரம் தட்டும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும்.

"விடியும்போதே நடந்துடலாம்" என்றாள் முதல் நாளே. "ஆறு மணி நேரம். காலு நம்மள நடுவழியில விடாது."

"வண்டி வெச்சிருக்கவன் அங்க நடந்து போய் நின்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சுட்டுப் போகட்டும். நிலத்த விட்டுட்டு வந்து நின்னா அழுவாங்களா?"

"ரெண்டு மணி நேரத்துல கொண்டு போய் விடுவா. நேத்துகூட ஓட்டிப் பாத்தேன், பாட்டுப் பாடுற மாதிரி ஓடுனா."

நைசுலா தனியாக நடந்து போகலாம்தான், ஆனால் போய்ப் பயன் இல்லை. அந்தப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. புருஷன் செத்தால்தான் பெண்ணின் பெயர் அதில் ஏறும். பக்கத்துப் பட்டி நொல்கிஷு விதவை. அவள் பெயர் இருந்தது. அவள் இருட்டு பிரியும் முன்பே இன்னும் நாலு பேரோடு கிளம்பிவிட்டாள். லெமயான் அவர்களைக் கூப்பிட்டு, "வழியில மடக்கி ஏத்திக்கிறேன், மெதுவாப் போங்க" என்று சிரித்தான்.

வெயில் ஏறிய பிறகு அவன் எஞ்சின் மூடியைத் தூக்கி, ரேடியேட்டரின் வாயைத் திறந்து, நைசுலா சுமந்து வந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது பெரியவர் லெகிசாத் வந்தார். கையில் பால் குடுவை, இன்னொரு கையில் ஒரு பிடி பச்சைப்புல். லெகிசாத் வெறும் பெரியவர் அல்ல. லெமயானும் அவன் வயதுக்காரர்களும் வீரர்களான சடங்கில் அவர்களுக்குத் தீக்கோல் கடைந்து நெருப்பு மூட்டிக் கொடுத்த மூத்த கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர் வாயிலிருந்து வரும் வாழ்த்தும் பலிக்கும், சாபமும் பலிக்கும். அந்தக் கூட்டத்தார் முன்னால் லெமயான் வயதுக்காரர்கள் உட்காரச் சொன்னால் உட்காருவார்கள், இல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பார்கள்.

"நெலத்துக்குப் போற பயணம். சும்மா அனுப்ப முடியுமா?" என்றார் பெரியவர். புல்லைப் பாலில் தோய்த்து நாலு டயரிலும் தெளித்தார். லெமயானின் நெற்றியில் தெளித்தார், நைசுலாவின் கழுத்துமணிகளில் தெளித்தார். பிறகு திறந்து கிடந்த ரேடியேட்டரைக் குனிந்து பார்த்தார்.

"இதான் இதோட வாயா?"

"ஆமாங்கய்யா" என்றான் லெமயான்.

பெரியவர் குடுவையைக் கவிழ்த்தார். நல்ல கெட்டிப் பால், காலையில் கறந்தது. குபுகுபுவென்று கடைசிச் சொட்டுவரை உள்ளே போயிற்று. நைசுலா புருஷனைப் பார்த்தாள். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அந்தக் குழாய்களுக்குள் கொதிக்கும் வெந்நீரில் பால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாததல்ல. ஒரு வார்த்தை, 'வேண்டாமுங்கய்யா' என்று ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். வரவில்லை. வாழ்த்தை மறித்தவன் என்ற பெயரை லெமயான் தன் தலையில் போட்டுக்கொள்ளத் தயாரில்லை.

"அடியில இருக்குற திருகாணியக் கழட்டிக் கொட்டுங்க" என்று பின்னால் போய்க் கிசுகிசுத்தாள் நைசுலா.

"அவரு குடுத்த பால அவரு கண்ணு முன்னாடியே மண்ணுல கொட்டச் சொல்றியா?"

"சரி, அந்தத் திருப்பம் தாண்டி நிறுத்திக் கொட்டுங்க."

அவன் தலையாட்டினான். அதற்குள் பெரியவர் தோல்வாரை அவிழ்த்து, கதவைத் திறந்து, முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் பதிவேட்டில் பெயர் இருந்தது, பதினாலாவது. வாழ்த்து ஊற்றிய வண்டியில் வாழ்த்தியவரே வருகிறார். இனி எந்தத் திருப்பத்தில் நிறுத்திக் கொட்டுவது?

வண்டி சரிவில் உருண்டு, இருமி, பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் வெறுத்த அந்தச் சத்தத்தைக் கேட்டபோது நைசுலாவுக்கே வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. கொஞ்ச தூரம்தான். வழியில் நடந்துகொண்டிருந்த நொல்கிஷுவைத் தாண்டும்போது லெமயான் வேகத்தைக் குறைத்து, "ஏறிக்கிறீங்களா?" என்றான். அவள் கையை ஆட்டி, "நாங்க போய்ச் சேரணும்ப்பா" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

காய்ச்சிய பாலின் வாசனை மெல்ல உள்ளே வந்தது. பெரியவர் மூக்கை உறிஞ்சி, "நல்லா வீட்டு வாசன அடிக்குது" என்றார் திருப்தியாக. அடுத்த மேட்டில் அது தீய்ந்த வாசனை ஆயிற்று.

கல்லுப்பள்ளம் வந்தது. பேருக்கு ஏற்ற இடம். புல் இல்லை, நிழல் இல்லை, ஆடுகூட நின்று மேயாமல் ஓடிக் கடக்கும். வாசனையிலிருந்து பெரியவரின் கவனத்தைத் திருப்ப லெமயான் பேச்சுக் கொடுத்தான். "இதையும் ஒரு துண்டுன்னு வரஞ்சு நம்பர் போட்டிருக்காங்களாம்யா. எந்த ஏமாளி தலையில கட்டப்போறாங்களோ."

பெரியவர் சிரித்து முடிப்பதற்குள் மூடிக்கடியிலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. உள்ளே ஏதோ டப்பென்று விட்டது. வண்டி தானாக நின்றது. சமதரையில் நின்றது.

திறந்து பார்த்தால் ரேடியேட்டரின் வாயில் தயிர்க்கட்டி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே அடைந்திருந்த மாவோடு பால் திரிந்து சேர்ந்து, குழாய் எல்லாம் கெட்டிக் களி. பெரியவர் எட்டிப் பார்த்து, "பாலு நெறைய வெச்சிருக்கா" என்றார். கேலியா மெய்யா என்று தெரியவில்லை.

கால் மணி நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. கீழ்ச்சந்தையில் கடை வைத்திருப்பவர். பின்னால் சீனி மூட்டை, நடுவில் ஒரே ஒரு ஆள் உட்கார இடம். "ஒருத்தர் வாங்க" என்றார்.

"நீங்க போங்க" என்றாள் நைசுலா. கிசுகிசுப்பாக அல்ல, எல்லோரும் கேட்கவே சொன்னாள். "உங்க பேரு பதினொண்ணு. அவருது பதினாலு. நீங்க முந்திப் போகணும்."

பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார், அவ்வளவுதான். லெமயான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். "நான் வந்துட்டிருக்கேன்னு மட்டும் அங்க சொல்லுங்கய்யா." புழுதி அடங்கும்வரை அவன் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்பவாச்சும் நடங்க" என்றாள். "இங்கேருந்து மூணு மணி நேரம். ஓட்டமா நடந்தா சரியாப் போய் நிப்போம்."

"ஆறட்டும். ஆறுனதும் எடுத்துடலாம். இப்படியே விட்டுட்டுப் போனா டயரக் கழட்டிருவானுங்க."

"எடுத்துட்டுப் போகட்டுமே."

அந்த வார்த்தைக்கு அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பெற்ற பிள்ளையைக் குறை சொல்லிவிட்டது போல ஒரு பார்வை. பிறகு கம்பியை எடுத்துக் குழாயைக் குடைய ஆரம்பித்தான்.

நொல்கிஷுவும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். "வாங்க, சேந்து போவோம்" என்றாள் நொல்கிஷு. "பத்து நிமிசம், பின்னாலயே வந்துருவேன்" என்றான் அவன், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர்கள் போனார்கள். நைசுலா ரோட்டோரம் நின்று அவர்களுடைய முதுகுகள் சின்னதாவதைப் பார்த்தாள். அவனுடைய சட்டைப் பையில் இருந்த அந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் என்ன என்று நினைத்தாள். அட்டையில் அவன் முகம் இருந்தது. அவன் முகத்தை ஒட்டிக்கொண்டு அவள் போய் நிற்க முடியாது. அழுகை வந்தது, அழுதாள். அவன் கவனிக்கவில்லை. அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் கேட்டு வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினான். அது அடியில் புகுந்து தரையில் வெள்ளையாகச் சொட்டியது.

நிழல் காலடிக்கு வந்த பிறகுதான் அவன் கம்பியைக் கீழே போட்டான்.

அவர்கள் சந்தையை அடைந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வேலமரத்தடியில் எழுத்தர் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உன் பேரக் கூப்பிட்டாங்கப்பா. வந்துட்டிருக்கான்னு ரெண்டு தரம் சொன்னேன். காத்திருக்க முடியாதுன்னுட்டாங்க" என்றார். "ஏழாம் துண்டு அப்படியே கெடந்துச்சு. கண்டவன் எடுக்கறதுக்கு நானே எடுத்துட்டேன். உங்க மாடுங்க வந்து தண்ணி குடிக்கட்டும், நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

லெமயான் குனிந்து, "ரொம்ப நன்றிங்கய்யா" என்றான். நைசுலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பன்னிரண்டு கோடை அவள் தோண்டிய மணல். இனி அங்கே ஒரு குடம் தண்ணீருக்கு இன்னொருவர் சம்மதம் வேண்டும், அதற்கு இவன் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எழுத்தர் சுருட்டிய வரைபடத்தைத் திரும்பப் பிரித்தார். எல்லாத் துண்டிலும் குறுக்குக்கோடு போட்டிருந்தது, ஒன்றைத் தவிர. "நாப்பத்தொண்ணு" என்றார். "கல்லுப்பள்ளம். இங்க கைநாட்டு வைங்க."

லெமயான் வைத்தான். விரலில் ஒட்டிய மையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. நைசுலாவுக்கு அந்த வெளிச்சம் நன்றாகத் தெரியும். மாடு விற்கப் போகும்போதெல்லாம் வரும்.

"ஒண்ணு கவனிச்சியா?" என்றான். "வண்டி நம்ம எடத்துலதான் நிக்குது. இனி எவனும் அத எடுன்னு சொல்ல முடியாது. அங்கயே வெச்சு நிதானமா எஞ்சினப் பிரிக்கலாம்."

அந்தி சாயும் நேரத்தில் கல்லுப்பள்ளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஜீப் தன் மூடியைத் திறந்தபடி நின்றிருந்தது, அடியில் பால் காய்ந்து வெள்ளையாகத் திட்டுப் பிடித்திருந்தது. டயரை யாரும் தொடவில்லை. லெமயான் சுற்றிவந்து நாலையும் தட்டிப் பார்த்தான்.

"வீட்ட எந்தப் பக்கம் கட்டலாம்?" என்று கேட்டான்.

மூத்த மனைவியின் வீடுதான் முதலில் எழும்பும். பட்டி வாசலுக்கு வலப்பக்கம் நிற்கும். வீடு கட்டுவது பெண்களின் விஷயம், அதில் ஆண் தலையிடுவதில்லை. நைசுலா காலி தண்ணீர்க் கேனைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பச்சை இரும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னையக் கேக்காதீங்க" என்றாள். "எனக்கு முன்னாடி வந்து குடியேறிட்டா. இனி அவதான் மூத்தவ, அவளக் கேட்டுக் கட்டுங்க."