கைக்கு அடக்கம்

என் போனின் அடிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குச் செத்துப் போயிருந்தது. புனே ஸ்டேஷனில் வந்து இறங்கிய அன்றே பை தோளிலிருந்து நழுவி, போனும் பிளாட்பாரத்தில் விழுந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆனால் கீபோர்டின் கடைசி இரண்டு வரிசையைத் தொட்டால் எதுவும் நடக்காது. இடைவெளி விட முடியாது, எழுதியதை அழிக்கவும் முடியாது. மைக் படம் மேல் வரிசையில் இருந்ததால் அது மட்டும் பிழைத்தது. அதனால் அம்மாவுக்கு எழுத வேண்டியதையெல்லாம் வாயால் சொல்லித்தான் எழுதினேன். எப்படியும் திருத்த முடியாது என்பதால் அது என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற வழக்கமும் விட்டுப் போனது.

அம்மா உடுமலையில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். அந்தச் சத்தத்தில் போன் பேசினாலும் கேட்காது, வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் கேட்காது. "எழுதியே அனுப்பு கண்ணு, டீ குடிக்கறப்ப படிச்சுக்கறேன்" என்று சொல்லியிருந்தாள்.

இத்தனைக்கும் நான் வேலை பார்த்தது போன் தயாரிக்கிற ஒரு கம்பெனியில். மகர்பட்டாவில் ஆறாவது மாடி. விழுந்தாலும் நனைந்தாலும் தாங்குகிற, வீட்டில் உள்ளவர்களுக்கு உருப்படியாக உதவுகிற ஒரு போனைச் செய்யப் போகிறார்கள். அதற்கு முன் ஜனங்களுக்கு என்னதான் வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வர, ஆறு மாதத்துக்கு இரண்டு பேரை எடுத்தார்கள். ஆறு மாதம் முடிந்தால் ஒருத்தருக்குத்தான் நிரந்தர இடம். ஒருத்தி நான், கிருஷ்ணப்ரியா. இன்னொருத்தி காவ்யா.

காவ்யா தமிழ்ப் பெண்தான், ஆனால் புனேயிலேயே, தாபோடியில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே ராணுவ இன்ஜினியரிங் காலேஜில் லேப் வேலை பார்த்தவர். தமிழைக் கேட்டால் புரியும். பேச்சில் பாதி ஹிந்தியும் மராத்தியும் கலந்து வரும். படிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். தமிழ் ஒன்றுதான் எனக்கு அவளைவிட அதிகமாகத் தெரிந்தது. மற்ற எல்லாம் அவளிடம் இருந்தது. எந்த அபார்ட்மெண்ட் வாசலிலும் வாட்ச்மேனிடம் மராத்தியில் இரண்டு வார்த்தை சொல்வாள், கேட் திறந்துவிடும். நான் ரிஜிஸ்டரில் பெயரும் நம்பரும் எழுதிக்கொண்டு நிற்பேன். மத்தியானம் அவள் டப்பாவைத் திறந்தால் வத்தக்குழம்பு மணக்கும். என் டப்பாவில் பி.ஜி. விடுதியில் காலையில் கிண்டிய அவல் போஹா விறைத்துக் கிடக்கும். ஸ்கூட்டர் அவளுடையது. நான் பின்னால் உட்கார்ந்து வருவேன்.

அவள் போனைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும். பழசு, சின்னது, ஓரமெல்லாம் நீலம் போய் வெளுத்தது. கவர் கிடையாது. ஸ்கூட்டரின் முன் பையில் சாவியோடும் சில்லறையோடும் தூக்கிப் போடுவாள்.

"எத்தன தடவ விழுந்திருக்கும் இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும். ஒரு தடவ கிணத்து மேல வச்சு உள்ள விழுந்துச்சு. அப்பா பக்கெட் போட்டு எடுத்தாரு. இன்னும் சல்தா ஹை, நல்லா ஓடுது."

என்னுடையது ஒரே ஒரு தடவைதான் விழுந்தது.

தமிழ் வீடுகளில் நான் கேள்வி கேட்பேன், அவள் பதிலை ஆங்கிலத்தில் அட்டையில் எழுதுவாள். சாயங்காலம் அட்டைகளை ஆபீஸ் சுவரில் ஒட்டுவோம். எங்களுக்கு மேலே இருந்த அனகா மேடம் மராத்திக்காரர். அவருக்குத் தமிழ் வீடுகள் பேசியது அந்த அட்டைகள் வழியாகத்தான் தெரியும்.

முதல் வீடு வானவடியில் பாமா ஆன்ட்டியுடையது. வீட்டுக்காரர் மிலிட்டரியில் இருந்து ரிடையர் ஆனவர். ஆன்ட்டி இட்லி மாவு அரைத்து, ஸ்கூட்டியில் அபார்ட்மெண்ட்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். நாங்கள் காட்டக் கொண்டுபோன, கம்பெனியின் இப்போதைய போன் ஒன்றை மாம்பழத்தைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு பின்னாடியும் கண்ணாடி? முதுகுல யாரு மூஞ்சி பாக்கப் போறா?"

"பளபளன்னு இருக்கும்னு வைக்கறாங்க ஆன்ட்டி."

"பளபளப்புக்கு எங்கிட்ட தவலை இருக்கு. போன் கீழ விழுந்தா எடுத்துத் தொடச்சிட்டு, விட்ட எடத்துலேர்ந்து பேசணும். மாவுக் கையால தொட்டாலும் எடுக்கணும். இப்போ இருக்கறது, என் வெரலை யாரு என்னன்னு கேக்கறது."

காவ்யா சிரித்துக்கொண்டே எழுதினாள்.

"வேற என்ன வேணும் ஆன்ட்டி?"

"முக்கியமா கைக்கு அடக்கமா இருக்கணும்மா" என்றார் ஆன்ட்டி. அதற்குள் காலிங் பெல் அடித்தது. மாவு வாங்க யாரோ வந்துவிட்டார்கள்.

காவ்யா எழுதியதை எட்டிப் பார்த்தேன். அந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால், 'போன் கையில் அடங்கி ஒடுங்கி, சொன்ன பேச்சுக் கேட்க வேண்டும்' என்று வரும். ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது. அப்படியில்லை, கைக்குள் பிடிபடுகிற அளவில் சின்னதாக இருக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது பாமா ஆன்ட்டி திரும்பி வந்து, காவ்யாவின் கன்னத்தைத் தட்டி, "உன் சிரிப்பு எங்க கொழுந்தன் பொண்ணு மாதிரியே இருக்குடி" என்றார். எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்தடுத்த வீடுகளிலும் அந்த வார்த்தை வந்தது. கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் ஆரோக்கியமேரி அக்கா சொன்னார். தாபோடி ஃபேக்டரியில் இருந்து ரிடையரான சூர்யநாராயணன் சார், டார்ச்சுக்குத் தனியாக ஒரு பட்டன் வேண்டும், அப்புறம் கைக்கு அடக்கமாகவும் வேண்டும் என்றார். பத்து வீட்டில் ஏழு வீடு. ஏழு அட்டையிலும் காவ்யா அதே வாக்கியத்தை எழுதினாள். ஏழு தடவையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அனகா மேடத்துக்கு அந்த ஏழு அட்டையும் பிடித்துப் போயிற்று. "போன் நம்மை ஆட்டி வைக்கிறது. இவர்கள் அதை அடக்கி வைக்கக் கேட்கிறார்கள். இப்படி யாரும் இதுவரை சொன்னதில்லை" என்று எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். பிறகு காவ்யாவின் தோளில் கை வைத்து, "உனக்குக் காது இருக்கிறது" என்றார்.

தப்பாக எழுதியதற்கு அவளுக்குப் பாராட்டு. சரியாகத் தெரிந்த நான் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அம்மாவுக்குச் சொன்னேன்: "அம்மா, காவ்யாவப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குது."

டீ வேளையில் பதில் வந்தது. 'அப்படி இருக்கறதுதான் கண்ணு நல்லது. எப்பவும் அப்படியே இரு.'

அம்மா என்னைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன்.

ஐந்தாம் மாதம் புதுப் போனின் மாதிரி ஒன்று வந்தது. பிளாஸ்டிக்கில் செய்த வெற்று உருவம். கேட்காமல் அப்டேட் ஆகாது, தானாக யாருக்கும் கால் போகாது, சொன்னதை மட்டும் செய்யும் என்றார்கள். சின்னதாக இருக்க வேண்டும் என்று எந்த அட்டையிலும் இல்லாததால் யாரும் அளவைப் பற்றி யோசிக்கவில்லை. நான்கு பக்கமும் தடித்த ரப்பர். பரீட்சை எழுதும் அட்டை மாதிரி இருந்தது. பாமா ஆன்ட்டி அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மாவு டப்பாவை இன்னொரு கையில் நீட்டுவதை நினைத்துப் பார்த்தேன். முடியாது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வேறு கணக்கு வைத்திருந்தேன். கடைசி நாள் பெங்களூரிலிருந்து கம்பெனியின் மேலதிகாரிகள் வருவார்கள். அவர்கள் முன்னால் சொன்னால்தான் அவள் மூஞ்சி என்ன ஆகிறதென்று பார்க்கலாம், இடமும் எனக்குக் கிடைக்கும்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து, போனை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா, நாளைக்கு எல்லாத்தையும் ஒடைச்சுப் பேசப் போறேன். அடக்கம்னா என்னன்னே அவளுக்குத் தெரியல. கைக்குள்ள நிக்கற மாதிரி சின்னதா இருக்கறதுன்னு அர்த்தம். அவ என்னடான்னா போனு அடங்கி நடக்கோணும்னு எழுதி வச்சிருக்கறா. மொத நாளே எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லல. நாளைக்கு அவ மூஞ்சியப் பாக்கோணும்."

மேல் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. காவ்யா இரண்டு கையிலும் டீயோடு நின்றாள். ஒன்று எனக்கு.

அவள் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டீயை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

"அடக்கம் மத்லப் சின்னதா?"

"கைக்குன்னு சேத்து சொன்னா அப்படி."

"அம்மா என்னைத் திட்டறப்போதான் அந்த வார்த்த கேட்டிருக்கேன். அடக்கமா இரு, அடக்கமா இருன்னு. நான் அதான் நெனச்சேன்." தன் டீயைப் படியில் வைத்தாள். "மொத நாளேவா?"

"ஆமா."

"பாமா ஆன்ட்டி வீட்டுலயே?"

"ஆமான்னு சொல்றேன்ல."

"டீயக் குடி. ஆறிடும்" என்று எழுந்து போய்விட்டாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அனகா மேடம் காவ்யாவைத்தான் முதலில் பேசக் கூப்பிட்டார். பெங்களூரிலிருந்து வந்த நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காவ்யா அந்தப் பிளாஸ்டிக் உருவத்தை ஒரு கையில் எடுத்தாள். கட்டை விரலை நீட்டினாள்; பாதித் திரைகூட எட்டவில்லை. அதை மேஜையில் வைத்துவிட்டுத் தன்னுடைய வெளுத்த நீலப் போனை எடுத்து, விரல்களை மூடிக் காட்டினாள்.

ஒரு வார்த்தையைத் தப்பாக எழுதிவிட்டேன் என்றாள். அந்த ஏழு வீட்டிலும் சொல்பேச்சுக் கேட்கிற போனைக் கேட்கவில்லை, இவ்வளவுதான் கேட்டார்கள் என்றாள். "நேற்று ப்ரியாதான் எனக்குச் சொன்னாள். அவள் சொல்லாவிட்டால் இந்தச் செங்கல்லைத்தான் செய்திருப்போம்."

மேடம் என் பக்கம் திரும்பினார்.

"நேற்றுதான் உனக்குத் தெரிந்ததா?"

காவ்யா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இடம் எனக்குக்கூடக் கிடைக்கலாம். அவளே வழி செய்து வைத்திருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேட், டப்பா, ஸ்கூட்டர், சிரிப்பு எல்லாம் அவளிடம் இருக்கிறது; எனக்கு வேண்டிய பொய்யும் அவளிடமிருந்துதான் வர வேண்டுமா.

"இல்லை மேடம். முதல் வீட்டிலேயே தெரியும்" என்றேன்.

"ஏன் சொல்லவில்லை?"

காவ்யா தலையை நிமிர்த்தி என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

சாயங்காலம் முடிவு தெரிந்தது. போனைச் சின்னதாக்கி மறுபடி செய்யப் போகிறார்கள். இடம் காவ்யாவுக்கு. அட்டைகள் எல்லாவற்றையும் தமிழோடு வைத்துச் சரிபார்க்க எனக்கு மூன்று மாதம் நீட்டிப்பு. சரிபார்த்ததைக் காவ்யாவிடம் கொடுக்க வேண்டும்.

படியில் போய் உட்கார்ந்தேன். அவளும் வந்தாள், இந்தத் தடவை டீ இல்லாமல்.

"பாகல் ஹை க்யா நீ, பைத்தியமா? நான்தான் நேத்துன்னு சொன்னேன்ல."

"உங்கிட்டேர்ந்து எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"சரி. அம்மாவுக்கு சொல்லு. வெயிட் பண்ணுவாங்க."

அவள் எழுந்து போவதாக இல்லை. நான் மைக்கை அழுத்தி, அவள் கேட்கட்டும் என்றே சொன்னேன்.

"அம்மா, எடம் காவ்யாவுக்குத்தான் கெடைச்சுது. எனக்கு ரொம்பப் பொறாமையா இருக்குது."

காவ்யா என் தோளுக்கு மேலே எட்டித் திரையில் விரல் வைத்து, பஸ் போர்டு படிப்பதுபோல எழுத்துக் கூட்டினாள். "ரொ... ம்ப... பொ... று... மை. பொறுமை. ஏய், நீ பொறாமைன்னுதான சொன்ன?"

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். 'எனக்கு ரொம்ப பொறுமையா இருக்குது' என்றுதான் இருந்தது. மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஆறு மாதமாக ஒவ்வொரு தடவையும் அதுதான். காவ்யாவைப் பார்த்தால் பொறுமையா இருக்குது. அவள் டப்பாவைப் பார்த்தால் பொறுமையா இருக்குது. ஒவ்வொன்றுக்கும் கீழே, மில் வாசலில் டீ குடித்துக்கொண்டே அம்மா போட்ட பதில்.

"டெலீட் பண்ணு, திரும்ப சொல்லு" என்றாள் காவ்யா.

"டெலீட் அமுங்காது. அந்த வரிசையே செத்துப்போச்சு."

"அப்போ?"

மறுபடி மைக்கை அழுத்தி, போனை வாயோடு ஒட்டி, ஒவ்வொரு எழுத்தாக, "பொ றா மை" என்றேன். படியெல்லாம் எதிரொலித்தது. போன் கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு பொறுமையைச் சேர்த்தது.

காவ்யா சிரிக்க ஆரம்பித்தாள். பாமா ஆன்ட்டிக்குப் பிடித்த அதே சிரிப்பு. எனக்கு இன்னும் எரிந்தது.

அவள் தன் போனை என் கையில் வைத்தாள். "இதுல அடி. கீபோர்ட்ல தமிழ் இருக்கு, போன வாரம்தான் போட்டேன்."

அதைக் கையில் மூடிப் பார்த்தேன். விரல்கள் முழுக்கச் சுற்றி வந்தன. அம்மாவின் நம்பரை அடித்தேன். இடைவெளி அமுங்கியது, அழிப்பதும் அமுங்கியது. பொ, றா என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, அவள் பக்கம் திரும்பினேன்.

"அந்தப் பக்கம் பாரு. நீதான் இப்பப் படிக்கறயே."