கொழும்பில் கட்டிய பல்

வாப்பாவின் வாயிலிருந்து அவர் தம்பி ஈஸா சாச்சா கரண்டியை வெளியே எடுத்தபோது மேல்வரிசைப் பல்லும் கூடவே கொஞ்சம் இறங்கி, மறுபடி மேலே போய் ஒட்டிக்கொண்டதை ருகையா பார்த்துவிட்டாள். வேறு யாரும் கவனிக்கவில்லை. சாச்சா கண்ணை மூடி, உயிர் பிரிகிறவர் பக்கத்தில் ஓதுகிற யாசீனை ஓதத் தொடங்கிவிட்டார். உம்மா கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தோணிக்குத் தலைவரான வாப்பா ஜக்கரிய்யா தண்டல் வாதம் அடித்து விழுந்தவர்தான், நினைவு திரும்பவேயில்லை. வாய் திறந்தபடி கிடந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர் ஒரு கரண்டி விட்டு நகர்ந்தார்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் ருகையா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பல் தொண்டையில் விழுந்தால் இருக்கிற மூச்சும் அடைத்துப்போகும்.

சில வருஷத்துக்கு முன்னால் தோணியின் பாய்க்கட்டை முகத்தில் அடித்துத் தண்டலின் மேல் முன்பற்கள் போயின. கொழும்பில் ஒரு டாக்டரிடம் பல் கட்டிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவி, அவற்றின் மேல் தங்க உறை மாட்டி, நடுவில் பீங்கான் பல் கோத்த ஒரே துண்டு. அதுவரை சிரிக்காத மனிதர் அதன்பிறகு காரணம் தேடிச் சிரித்தார். யுத்தம் வந்து கொழும்பில் குண்டு விழுந்த பிறகு பல்லை ஒட்டியிருந்த சிமிட்டி விட்டுப்போனது. டாக்டரிடம் போக வழியில்லை. தண்டல் அதற்கெல்லாம் சளைக்கிறவரா? தோணிப் பலகை இடுக்கில் பூசுகிற குங்கிலியப் பிசினைக் கொண்டுவந்து, பல்லை ஒட்டிக்கொள்ள மகளிடம் உருக்கச் சொன்னார். கடலையே உள்ளே விடாத பொருள் எச்சிலுக்கா இளகப்போகிறது என்பது அவர் கட்சி.

"ஒரு குஞ்சுக்குத் தெரியக் கூடாது. உன் உம்மாக்கும்தான்" என்று சொல்லியிருந்தார். கோபம் வந்தால் அவர் ஏச மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். ருகையாவுக்கு அதைவிட அடி தேவலை.

"தண்ணி போதும் சாச்சா" என்றாள்.

"என்னளா பேசுதே? தாகத்தோட கெடந்தா ஷைத்தான் கிண்ணத்துல தண்ணியோட வந்து நிப்பான். ஈமானக் குடுத்துட்டுக் குடிம்பான்."

அவர் மறுபடி கரண்டியை முக்கினார். தண்ணீர் விட்டால் பல் பயம், விடாவிட்டால் வாப்பாவின் நம்பிக்கை ஷைத்தானிடம் போய்விடும் என்ற பயம். ருகையா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பாக்குப் பல்லு ஆடுது."

"கொழும்புல சிமிட்டி வச்சுக் கட்டுன பல்லு. அது எப்படிளா ஆடும்?" என்றாள் உம்மா.

"சிமிட்டி போயிட்டும்மா. குங்கிலியம் வச்சிருக்காஹ. நான்தான் உருக்கிக் குடுத்தேன்."

உம்மாவின் கை பாதத்திலேயே நின்றது. அவள் வாப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"உசுரு போற நேரத்துல வாயில கை வையாதே" என்றார் சாச்சா. ஆனால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ருகையா விரலை உள்ளே விட்டாள். சூடு இன்னும் இருந்தது. குங்கிலியம் ஒரு பக்கம் நொறுங்கி, மறுபக்கம் பிடித்திருந்தது. நகத்தால் நெம்பினாள். துண்டு கழன்று கைக்கு வந்த அந்த நொடியில் வாப்பாவின் தாடை மூடிக்கொண்டது.

கீழ்ப்பல் விரலில் பதிந்தது.

"வாப்பா, நான்தான். ருகையா."

பிடி இறுகியது. அவர் கண்கள் பாதி திறந்து அவளைப் பார்ப்பதுபோலவும் பாராததுபோலவும் இருந்தன. கொஞ்ச நேரத்தில் தாடை தானாகத் தளர்ந்தது. அவள் கையை எடுத்ததும் சாச்சா அவசரமாகத் தண்ணீர் விட்டார். அது கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. மூச்சு நின்றிருந்தது.

"இன்னா லில்லாஹி" என்றார் சாச்சா.

உம்மா அழவில்லை. தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினாள். மேலுதடு உள்ளே குழிந்து, முகம் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. அவள் கையை நீட்டினாள். ருகையா பல்லைக் கொடுத்தாள். ஆண்பிள்ளையின் மையித்தை அடக்கும்போது தங்கம் கூடப் போகக் கூடாது. உம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, வாப்பா மேல் போர்த்திய வெள்ளைத் துணியை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டாள்.

முகம் பார்க்க வந்த மச்சினி ஒருத்தி துணியை இறக்கப் போனாள்.

"வேண்டாம்ளா. கண்ணப் பாத்தாப் போதும்" என்றாள் உம்மா.

ருகையா உள்ளறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். விரலில் பள்ளம் பள்ளமாகப் பல் பதிந்திருந்தது. உயிர் போகிறபோது தாடை இழுத்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். அதுவாகத்தான் இருக்கும். ரகசியத்தைச் சொன்னதற்குக் கோபமாக இருக்காது. வெளியே சாச்சா யாரையோ மையித்துக்குச் சுற்றுகிற கபன் துணிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவள் அந்த விரலைத் தன் வாயில் வைத்து, அதே இடத்தில் கடித்துப் பார்த்தாள். அவ்வளவு பதியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.