டாக்டரம்மா ஒரு மணி நேரம் முன்னால் வந்த கதை

1.

இது கதையாகப் பிறக்கவில்லை. விளம்பரமாகப் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு நீங்களே கண்டுபிடித்தால் எனக்கு அவமானம். நானே சொன்னால் அது நேர்மை.

எங்கள் ஊர் துனீசியாவின் தெற்கு ஓரத்தில், ஒரு பக்கம் பாலைவனமும் மறுபக்கம் லிபிய எல்லையுமாக நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் வரைபடத்தை எடுப்பீர்கள், நான் எழுதப்போவதில் பாதி அங்கேயே சரிந்துவிடும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ டாக்டரின் நாற்காலி இரண்டு வருடமாகக் காலி. கடற்கரை நகரமான சூஸாவிலிருந்து உல்ஃபா என்று ஒரு டாக்டர், "வேலையை ஏத்துக்கறதுக்கு முன்னாடி ஊரை ஒரு தடவை பார்த்துடறேன்" என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று முடிவானது. ஏன் எங்கள் வீடு? என் மருமகள் ரிஹாபுக்கு எட்டாவது மாதம். பிரசவம் பார்க்கிற அடுத்த டாக்டரிடம் போக வேண்டுமானால் காரில் இரண்டரை மணி நேரம். இந்தக் கதையின் கவலை எங்கே இருக்கிறது என்று நீங்கள் தேட வேண்டாம். அது ரிஹாபின் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கிறது.

பக்கத்து வீட்டு லஸ்ஹர்தான் ஆரம்பித்து வைத்தான். "ஹாஜி, காலமெல்லாம் பஸ் ஸ்டாண்டுல மைக் பிடிச்சவர் நீங்க. நம்ம ஊர்ல வாழறதுல என்ன நல்லது, என்ன கெட்டதுன்னு ஒரு பக்கம் எழுதி, அந்தம்மா சாப்பிடறப்ப வாசிச்சுடுங்க. கெட்டது மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்துல இருக்கட்டும்."

என் குரலைக் கேட்டால் புறப்பட்ட பஸ்ஸே திரும்பி வரும் என்று சொல்வார்கள். (சொன்னது நான்தான்.)

2.

முதல் தொடக்கம்: "சூரியன் குடியிருப்பது எங்கள் ஊரில்தான், மற்ற ஊர்களுக்கு அது வேலைக்குப் போய் வருகிறது."

என் மனைவி கஸாலா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "நல்லாருக்கு. இதை வாசிச்சா டாக்டரம்மா தட்டைத் தொடாமலே சூஸா பஸ்ல ஏறிடுவாங்க."

இரண்டாவது தொடக்கம்: "எங்கள் ஊரில் எல்லோரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு—"

[இந்த வாக்கியத்தை லஸ்ஹருக்கு மரியாதை கொடுத்துப் பாதியில் விட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கத்து மலிவு பெட்ரோலைக் கேனில் கொண்டுவந்து சாலையோரம் விற்பது அவன் தொழில். கேன்கள் தூங்குவது என் வீட்டு முற்றத்தில்.]

மூன்றாவது தொடக்கத்தில் ஒட்டகம் வந்துவிட்டது. எங்கள் தெருவில் கடைசியாக ஒட்டகம் வந்தது சினிமாக்காரர்களோடு. அந்த வரியையே அடித்துவிட்டேன்.

3.

கட்டுரையின் பெரிய சங்கடம் எது நல்லது, எது கெட்டது என்பதில் வந்தது. ஒரே விஷயம் இரண்டு பக்கமும் ஏறி உட்காருகிறது.

பெருநாளை எடுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களில் நம் பக்கத்துக்கு ஒரு நாள் பிறை தெரியும், அந்தப் பக்கத்துக்கு வேறு நாள். அப்போதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பெருநாள், இரண்டு புதுச்சட்டை. நன்மை. ஆனால் அந்தப் பக்கத்துப் பிறையை நம்பும் பாதித் தெரு ஆட்டிறைச்சி வறுக்க, மீதித் தெரு கடைசி நோன்போடு அந்த வாசனையை மூச்சில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தீமை.

எல்லைக் கதவு திறந்திருந்தால் தக்காளியிலிருந்து டிவி வரை எல்லாம் ஊருக்குள் வரும். மூடிவிட்டால் ஊரே காபிக்கடையில் டொமினோ ஆடும். எங்கள் ஆட்களை டொமினோவில் வெல்ல உலகத்தில் ஆளில்லை. அத்தனை தடவை மூடியிருக்கிறது கதவு.

கஸாலாவின் தங்கை அந்தப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். கதவு மூடின மாதங்களில் இரண்டு பேரும் ஃபோனில் சமைப்பார்கள். இங்கே இவள் வெங்காயம் நறுக்க, அங்கே அவள் கண்ணைத் துடைப்பாள். இதை நன்மைப் பக்கம் எழுத மூன்று தடவை முயன்றேன். ஏறவில்லை.*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நான் மிகைப்படுத்துகிறவன் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சே மிகை.

அப்புறம் தண்ணீர். எங்கள் குழாய்த் தண்ணீரில் கூஸ்கூஸ் ரவையை அவித்தால் உப்புப் போட வேண்டாம். டீ போட்டால், கப்பலில் உட்கார்ந்து குடிப்பது போல இருக்கும். இதை டாக்டரம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவிலிருந்துதான் கட்டுரை கதையானது.

4.

ஞாயிறு காலை. என் திட்டம் எளிமையானது. கேன்களின் மேல் நல்ல கம்பளத்தை விரித்துத் திண்டு போட்டு அரேபிய ஆசனமாக்குவது. லஸ்ஹரை அதில் உட்கார வைத்து, சிகரெட்டை மட்டும் பிடுங்கிக்கொள்வது. கடையில் இருந்த பாட்டில் தண்ணீரை முழுக்க வாங்கி, மொட்டை மாடித் தொட்டியில் ஊற்றிவிடுவது. குழாயைத் திறந்தால் டாக்டரம்மாவுக்கு மலை ஊற்று கிடைக்க வேண்டும்.

ஒரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு நான் பனியனும் கட்டம்போட்ட கால்சட்டையுமாக மாடியில் நின்று பாட்டில்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். கீழே வாசலில் ஒரு பெண் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹாஜி பெல்காசெம் வீடு இதுதானே?"

"ஆமா."

"நான் உல்ஃபா. அங்க என்ன பண்றீங்க?"

"செடிக்குத் தண்ணி ஊத்தறேன்."

"தண்ணித் தொட்டிக்குள்ளயா செடி?"

[இந்த இடத்தில் முதல் பிரதியில் எனக்கு ஓர் அற்புதமான பதில் எழுதி வைத்திருந்தேன். உண்மையில் நான் சொன்னது "ஹி ஹி".]

கஸாலா மாவுக் கையோடு ஓடி வந்தாள். "டாக்டரம்மா, ஒரு மணிக்குன்னுதானே..."

"மணி ஒண்ணாச்சே," என்று அவர் ஃபோனைக் காட்டினார்.

கஸாலா ஃபோனைப் பார்த்தாள். பிறகு மாடியில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இந்தக் கோடையிலும் எனக்குக் குளிர் எடுத்தது.

"நீங்க அவங்ககிட்ட எந்த மணின்னு சொல்லலையா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்ததுதான். அந்தப் பக்கத்துக் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். அவர்களுடைய செல்ஃபோன் கோபுரத்துக்கு வலு அதிகம்; நம் ஃபோன்கள் தூங்கும்போது அது பிடித்து இழுத்துக்கொள்ளும். ஃபோன் என்ன காட்டினாலும் நாங்கள் மனதுக்குள் கழித்துக்கொள்வோம். பல் துலக்குகிற மாதிரி பழக்கம். பல் துலக்கச் சொல்லி விருந்தாளிக்கு யாராவது ஞாபகப்படுத்துவார்களா? டாக்டரம்மா முந்தின நாளே வந்து ஆஸ்பத்திரி விருந்தினர் அறையில் தங்கியிருந்தார்.

"உங்க ஃபோன் பாஸ்போர்ட் இல்லாம எல்லை தாண்டிடுச்சு டாக்டரம்மா," என்றான் லஸ்ஹர், இன்னும் கம்பளம் விரிக்காத கேன்களுக்கு நடுவிலிருந்து, சிகரெட்டோடு.

"முதல்ல அதை அணைங்க," என்றார் டாக்டரம்மா.

இரண்டு வருடமாக நான் கெஞ்சியும் நடக்காதது அந்த நொடியில் நடந்தது. அணைத்தான். இந்தப் பெண் எங்கள் ஊருக்கு வேண்டும் என்று நான் அப்போதுதான் முழுமனதாக நினைத்தேன்.

5.

டாக்டரம்மாவைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவருக்குத் தங்க விளிம்புக் கண்ணாடியும் நகரத்துத் திமிரும் கொடுத்திருந்தேன். திமிர் அடங்குகிற மாதிரி ஒரு காட்சி வைத்தால் வாசகருக்குப் பிடிக்கும். ஆனால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போய்விட்டார். மிளகாய் விழுது போதவில்லை என்றார். பாதி வெந்த ஆட்டுக்கறியை எடுத்துத் தின்றார். குழாய்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "அட, நல்லாத்தான் இருக்கு," என்றார்.

நான் மாடிப்படியில் நின்று மார்பை நிமிர்த்தினேன்.

அப்போதுதான் ரிஹாப் வாயைத் திறந்தாள். நான் உருவாக்கிய பாத்திரங்களிலேயே சொல்பேச்சுக் கேளாத பாத்திரம் இவள். உருவாக்கியது நான் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"அது பாட்டில் தண்ணி, டாக்டர். மாமா காலையிலேர்ந்து தொட்டில ஊத்திக்கிட்டிருக்காரு. நாளைக்கு உப்புக் கரிக்கும்."

"ரிஹாப்!" என்றேன்.

"சும்மா இருங்க மாமா." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "கோடையில வெளியே நிக்க முடியாது. கரண்ட் போகும். கதவு மூடினா என் புருஷனுக்கு வேலை இருக்காது. ஆஸ்பத்திரில ஸ்கேன் மெஷின் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. போன வருஷம் எதிர்வீட்டு அக்காவுக்குக் கார்லயே பாதி வழியில ஒரு வளைவுல குழந்தை பிறந்துச்சு. லஸ்ஹர் அண்ணன்தான் ஓட்டினாரு. இன்னைக்கும் அந்த வளைவு வந்தா அவரு காரை நிறுத்தி இறங்கிடுவாரு."

லஸ்ஹர் தரையைப் பார்த்தான்.

"ஏம்மா இதையெல்லாம் எங்கிட்ட சொல்றே?" டாக்டரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உனக்கு நான் வரணும்தானே?"

"உங்களவிட எனக்கு அது அவசரம். அதனாலதான் சொல்றேன். மாமா பேச்சை நம்பி வந்தீங்கன்னா ரெண்டு வாரத்துல ஓடிடுவீங்க. அப்ப எனக்கு ஒன்பதாவது மாசம்."

நான் கால்சட்டைப் பையிலிருந்த கட்டுரையை இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டேன்.

"நல்லதுன்னு எதுவுமே இல்லையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

ரிஹாப் யோசித்தாள். "காலைல நீங்க கதவைத் திறந்தா, நேத்து யாரு உடம்புக்கு முடியாம இருந்தான்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். இங்க யாரும் தனியா வலி தாங்க வேண்டியதில்ல. சில நாள் அதுவே தொந்தரவுதான்."

நான் எழுதிக் கிழித்த பக்கங்கள் எல்லாம் சேர்ந்தும் அந்த ஒரு பதிலுக்கு ஈடாகவில்லை. பொறாமையோடு எழுதுகிறேன்.

டாக்டரம்மா அவள் வயிற்றில் கை வைத்தார். குழந்தை தலைகீழாகத் திரும்பிவிட்டதாம், நல்ல நிலையாம். இரண்டு தட்டுச் சாப்பிட்டார். போகும்போது, "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்," என்றார்.

"எந்தப் பக்கத்து வெள்ளி?" என்று லஸ்ஹர் கேட்டான். அவனை யாரும் சட்டை செய்யவில்லை.

6.

இன்று வியாழன். முடிவுகள் தயாராக இருக்கின்றன.

முடிவு அ: டாக்டரம்மா வருகிறார். ரிஹாபுக்கு இரட்டைக் குழந்தை. (ஒன்றுதான் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார், இருந்தாலும்.) சூஸாவிலிருந்து பெண்கள் பிரசவத்துக்கு எங்கள் ஊரைத் தேடி வருகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு ஒரு சின்னச் சிலை.

முடிவு ஆ: டாக்டரம்மா வரவில்லை. அந்த வளைவில் கார்

[இதை எழுத மாட்டேன். வேறு யாராவது எழுதிக்கொள்ளுங்கள்.]

முடிவு இ: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடிக்கிறது. கற்பனை இல்லை, நிஜமாகவே அடிக்கிறது. டாக்டரம்மாதான்.

"ஹாஜி, ஒரே ஒரு கேள்வி. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ரெண்டு வீடு காலியா இருக்காமே. ஒண்ணுக்குத் தெற்கே ஜன்னல், இன்னொண்ணுக்கு வடக்கே. எதை எடுத்தா வீட்டுக்குள்ள மணல் வராது?"

தான் குடிவரப்போகாத ஊரில் மணல் எந்த ஜன்னல் வழியாக வரும் என்று யாராவது கேட்பார்களா? என் நெஞ்சு மைக் இல்லாமலே அலறுகிறது.

உண்மை என்னவென்றால், இரண்டிலும் வரும். சுவர் வழியாகக்கூட வரும். வடக்கு ஜன்னலைப் பற்றி மிக அழகான ஒரு வாக்கியம் நாக்கின் நுனியில் வந்து நிற்கிறது: ஒரு துகள்கூட வராது, அதில் திரைச்சீலையே தேவையில்லை, கடற்காற்றுகூட... சமையலறை வாசலில் ரிஹாப் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

வாசகரே, கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: ஃபோனை ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம். நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்த முடிவை எழுத எனக்குத் தைரியமில்லை. என் வாய் என் பேச்சைக் கேட்காது. நீங்கள் சொல்லுங்கள், நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன்.

கொஞ்சம் சீக்கிரம். "ஹாஜி, இருக்கீங்களா?" என்கிறார்.