நாலில் ஒருத்தி

பெரியநாயகி ராசிபுரத்தில் மோட்டாரை விட்டு இறங்கும்போதே நாக்கைத் தீட்டிக்கொண்டுதான் இறங்கினாள். கூட வந்திருக்க வேண்டிய அப்பா சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் சுருண்டு படுத்துவிட்டார். "அங்க வந்து நிக்க எனக்கு மொகமில்ல கண்ணு. நீ படிச்சவ, நீ போய்ப் பேசு" என்றார். பரம்பரையில் முதன்முதலாக ஒருத்தி பி.ஏ. தேறி வாத்தியாரம்மா ஆனதில் அந்தக் குடும்பம் கண்ட லாபம் இதுதான். ஆண்பிள்ளை வாங்கவேண்டிய ஏச்சை வாங்க அவளை அனுப்பலாம்.

அக்கா கந்தம்மாள் இருபது நாளைக்கு முன் ஒரு பெண் குழந்தை பெற்றிருந்தாள். கந்தம்மாள் கறுப்பு. அவள் புருஷன் பாலசுந்தரம் அவளைவிடக் கறுப்பு. குழந்தையோ உரித்த பூண்டு மாதிரி வெளுத்திருந்தது. தலைமயிர் வெள்ளை, இமைமயிர்கூட வெள்ளை. போன வருஷம் கந்தம்மாள் ஒரு மாசம் அப்பா வீட்டில் தங்கியிருந்தாள். அங்கிருந்து மூன்றாம் தெருவில் வெள்ளைக்கார இஞ்சின் டிரைவர்கள் குடியிருந்தார்கள். இதற்கு மேல் ராசிபுரம் நெசவுத் தெருவுக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. இன்றைக்குத் தெருப் பெரியவர் கைலாசம் முன்னால் தாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு கல்யாணத்தையே தீர்த்துவிடப் போகிறார்கள்.

தறி வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. கந்தம்மாள் அடுப்படி மூலையில் குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் செல்லியம்மாள் அந்நியமல்ல, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. உரிமை விட்டுப் போகக் கூடாதென்று தம்பி மகளையே மகனுக்குக் கட்டிக்கொண்டவள். அவள் வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"வாங்க டீச்சரம்மா. துரையூட்டுச் சம்பந்தத்துக்குத் தாம்பூலம் மாத்த வந்தீங்களா?"

"உங்களுக்குப் புத்தி சொல்ல வந்தேனுங்க அத்தை."

கைலாசம் தொண்டையைக் கனைத்தார். "அம்மிணி, பொம்பளைப் புள்ளை சபையில பேசற வழக்கமில்லை."

"தாலியக் கழட்டறது மட்டும் பொம்பளை கழுத்துலங்களா? பேசிப்போட்டுத்தான் போவேன்." அவள் நடுக்கூடத்தில் நின்றாள். "துரைக்கும் நம்ம பொம்பளைக்கும் பொறந்த புள்ளைங்க சூரமங்கலத்துல எத்தனையோ திரியுதுங்க. போய்ப் பாருங்க. மாநிறமா இருக்கும். துரையைவிட வெளுத்த புள்ளை ஒண்ணைக் காட்டுங்க பாக்கலாம். துரைக்கே மயிரு செம்பட்டை. இதுக்குத் தும்பைப் பூ."

"நானும் நாப்பது வருசமா நூலுக்குச் சாயம் போட்டவ" என்றாள் செல்லியம்மாள். "கருநீலத்தோட கருநீலம் சேத்தா கருநீலந்தான். நடுவுல எவனோ சுண்ணாம்புத் தண்ணி ஊத்தியிருக்கான்."

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பெரியநாயகிக்குக் காது எரிந்தது. அந்தத் தெருவே செய்கிற தப்பு இதுதான். ரத்தம் என்றால் இவர்களுக்குச் சாயத்தொட்டி. கலந்தால் கலந்தது, மறைந்தால் தொலைந்தது.

"சாயமில்லைங்க அத்தை, நூலு" என்றாள். தறிக்கடியில் கிடந்த துண்டு நூல்களைப் பொறுக்கி, கறுப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாகப் பாலசுந்தரத்தின் கையில் திணித்தாள். அதேபோல் ஒரு ஜோடியை அக்காவின் மடியில் போட்டாள். "ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு இழை. ஆத்தா குடுத்தது ஒண்ணு, அப்பன் குடுத்தது ஒண்ணு. கறுப்பு ஒண்ணு இருந்தாப் போதும், தோலு கறுப்பு. வெள்ளை அடியில கெடக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா அத்துப் போகாது. நாம புள்ளைக்குக் குடுக்கறது ரெண்டுல ஒண்ணு. எதுன்னு நம்ம கையில இல்ல. ரெண்டு பக்கமும் வெள்ளையே வந்து சேந்தாத்தான் இப்படிப் பொறக்கும். நாலுல ஒண்ணு. எங்கக்கா தனியா இதைப் பெத்திருக்க முடியாதுங்க. பாதி உங்க மகன் குடுத்தது."

பாலசுந்தரம் நூலைக் கொள்ளிக்கட்டை மாதிரி உதறினான். "எங்க வம்சத்துல வெள்ளைன்னு ஒருத்தருமில்லை."

அப்போதுதான் பெரியநாயகியின் கண் தறிக்கு அப்பாலிருந்த மூலைக்குப் போனது. அங்கே ஓர் ஓலைக்குடைக்கடியில், புதுச்சேலை சுற்றிய சொம்பு இருந்தது. கல்யாணமாகாமல் செத்த பெண்ணைச் சாமியாக வைத்துக் கும்பிடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அத்தை தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த இந்த வெள்ளச்சி சாமிக்கு மட்டும் தனி விதி. பொழுது விழுந்தபிறகுதான் பூசை, சேலையைக்கூட நிழலில்தான் உலர்த்தவேண்டும். சின்ன வயதில் ஏன் என்று கேட்டு அத்தையிடம் அறை வாங்கியிருக்கிறாள். பட்டணத்தில் நாலு வருஷம் பரம்பரைக் குணத்துக்கான பட்டாணிச் செடிக் கணக்கை உருப்போட்டபோது ஒருநாளாவது இது நினைவுக்கு வந்ததா? தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"அத்தை, வெள்ளச்சி யாருங்க?"

செல்லியம்மாளின் முகம் மாறியது. "சாமிய எதுக்கு இழுக்கற?"

"சாமியாகறதுக்கு முன்னால யாருங்க?"

"எங்கக்கா. ஒம்பது வயசுல செத்துப்போச்சு."

"அந்தப் பேரு ஏன் வந்துச்சுங்க? வெய்யிலு ஏன் ஆகாதுங்க?"

கைலாசம்தான் மெல்லச் சொன்னார்: "எங்காத்தா சொல்லும், செல்லி. உங்கூட்டுல ஒரு புள்ளை பகல்ல வெளியவே வராதுன்னு."

"அப்ப உங்காத்தா எந்தத் துரைகிட்டப் போச்சு?" என்று பெரியநாயகி அத்தையைப் பார்த்துக் கேட்டாள்.

அந்தக் கேள்வியில் 'ங்க' இல்லை. கூடத்தில் எல்லோருக்கும் முதலில் உறைத்தது அதுதான். பாலசுந்தரம் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். ஆனால் அதற்குள் செல்லியம்மாள் அடுப்படிக்குப் போய் முந்தானையை விலக்கிவிட்டாள். பிறந்த அன்றைக்குப் பிறகு அந்தக் குழந்தையின் பக்கம் அவள் திரும்பியதில்லை. இப்போது குனிந்து பார்த்தாள். வெளிச்சம் பட்டுக் குழந்தை கண்ணை இறுக்கிக்கொண்டு சிணுங்கியது.

"அதே மாதிரி" என்றாள். குழந்தையின் காலடியில் விழுந்தாள். "வந்துட்டயா சாமி! என்னத் தேடி வந்துட்டயா!"

அவ்வளவுதான். எவளோ குலவையிட்டாள். எவளோ மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தாள். கைலாசம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். "தெய்வம் திரும்பிப் பொறந்திருக்கு. இதுல தீக்கறதாவது!"

"சாமியில்ல, நூலு!" என்று பெரியநாயகி கத்தினாள். "அத்தைகிட்ட ஒரு வெள்ளை இழை, எங்கப்பாகிட்ட ஒண்ணு. உரிமை உரிமைன்னு உள்ளுக்குள்ளயே கட்டுனதுல ரெண்டும் ஒரே எடத்துல வந்து சேந்துச்சு!" ஒருவரும் திரும்பவில்லை.

ஓங்கிய கையால் பாலசுந்தரம் இப்போது திருநீறு பூசிக்கொண்டிருந்தான். "நாலுல ஒண்ணுதானே சொன்ன? ஒண்ணு முடிஞ்சுது. இனி மூணும் கறுப்பு" என்றான் சிரித்தபடி.

"முடியலைங்க மாமா. ஒவ்வொரு தடவையும் நாலுல ஒண்ணு. அடுத்தது மூத்ததை எண்ணிப் பாத்துட்டுப் பொறக்காது." சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்தாள். "கெளம்பு. இவங்க இதைச் சாமின்னு பூட்டி வெப்பாங்க. இதுக்குக் கண்ணு மங்கலாத்தான் இருக்கும், வெய்யிலு ஆகாது. பாத்து வளக்கணும், படிக்க வெக்கணும்."

கந்தம்மாள் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"எங்க கெளம்பறது? அப்பா வந்தாரா? உன்னை அனுப்பிட்டுப் படுத்துக்கிட்டாரு. அந்த ஊட்டுல எனக்கு எடமிருக்கா?"

பெரியநாயகி அக்காவின் கையை விட்டாள்.

"காலையில வரைக்கும் அவுசாரின்னு சொன்ன வாயிங்க இது. உன் நூலுக் கணக்கைக் கேட்டு ஒருத்தராச்சும் எனக்கு ஒரு வாய்த் தண்ணி குடுத்தாங்களா? இப்பப் பாரு." கந்தம்மாள் குரலை உயர்த்தினாள். "அத்தை, கதவைச் சாத்துங்க, சாமிக்குக் கண்ணு கூசுது. எனக்குச் சோறு கொண்டாங்க."

செல்லியம்மாள் ஓடினாள்.

"அது பொய்யிக்கா" என்றாள் பெரியநாயகி.

"உன் நெசத்தை நீயே வெச்சுக்க. என் புள்ளை இங்கதான் இருக்கும், இவங்க சோத்தைத்தான் திங்கும். அஞ்சு வயசானதும் பள்ளிக்கூடம் போகணும்னு வெள்ளச்சி கேப்பா. நானே சாமியாடிக் கேப்பேன். அதுக்கு வேண்டிய சிலேட்டை மட்டும் நீ வாங்கியா."