செல்வதாஸ் சொன்ன சரி

நாகர்கோவிலுக்கு மேற்கே வந்து யாராவது உங்களைப் பார்த்து ‘குசும்பு’ என்று சொன்னால் விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று சிரித்துவிடாதீர்கள். இங்கே குசும்பு என்றால் குறும்பு இல்லை, பொறாமை. கலப்படமில்லாத பொறாமை. கருங்கல் சந்தை ரோட்டில் ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுக்கும் செல்வதாஸுக்கு அது 2008 ஜூலையில் வந்தது. வந்தது என்ன, பாய் விரித்துப் படுத்தே விட்டது.

பதினாறு வருஷமாக அவர் செட்டு, அதாவது ஆம்ப்ளிஃபயர், கட்டுகிறார். டிரான்ஸ்ஃபார்மரைத் தன் கையாலேயே சுற்றுவார். கல்யாண வீடோ, சபை ஆண்டுவிழாவோ, கருங்கல் சுற்றுவட்டாரத்தில் பாட்டுக் கேட்டால் நாலில் மூன்று அவர் கட்டிய செட்டாகத்தான் இருக்கும். ஆனால் அது அவர் செட்டு என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. பெட்டியின் முன்பக்கத் தகடு, பேனல் என்பார்கள், நாகர்கோவிலில் டஜன் கணக்கில் ரெடிமேடாகக் கிடைக்கும். கறுப்புத் தகடு, வால்யூம் திருகுகளுக்கு ஓட்டை, ‘ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்’ என்று இங்கிலீஷில் வெள்ளை எழுத்து. களியக்காவிளை வரைக்கும் எவன் செட்டு கட்டினாலும் அதே முகம்தான். அதில் தன் பெயரைப் போடலாம் என்று செல்வதாஸுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

தோன்றியது ததேயுஸுக்கு. இனயத்துக்காரன், வயசு முப்பத்திரண்டு, விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருக்க மாட்டாமல் செட்டு கட்டப் பழகினான். பழகி ரெண்டே வருஷம். அந்த ஜூலையில் ஒரு செட்டைச் சாரத்தில், அதாவது லுங்கியில், பொதிந்து பஸ்ஸில் கொண்டுவந்து, “அண்ணே, ஒரு சந்தேகம்” என்று செல்வதாஸின் மேஜைமேல் வைத்தான்.

செல்வதாஸ் ஸ்பீக்கரை இணைத்து, பாட்டு எதுவும் போடாமல் வால்யூமை மட்டும் முழுக்கத் திருகினார். செட்டின் யோக்கியதை அப்போதுதான் தெரியும். மட்டமான செட்டு சினைமாடு மாதிரி ‘ம்ம்’ என்று இரையும். இது இரையவில்லை. காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக் கேட்டார். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. வலை இழுக்கிற பயலுக்கு இந்தக் கைப்பாகம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அங்கேயே வயிறு காந்த ஆரம்பித்தது.

அதோடு விட்டானா? சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தான். கருங்கலில் புதிதாக வந்திருக்கும் டிஜிட்டல் பிரிண்டிங் கடையில், அங்கே வேலைபார்க்கும் லிஜின் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்த பேனல் மாதிரி. இதை ஸ்டிக்கரில் அடித்து, லேமினேஷன் போட்டு, அலுமினியத் தகட்டில் ஒட்டிவிடலாமாம். ஆழ்கடல் நீலம். ஒவ்வொரு திருகையும் சுற்றிப் பொன்நிறத்தில் கோடும் எண்ணும். மேலே நடுவில், வளைந்த தமிழ் எழுத்தில், ‘கடல்’. பேர் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

“கொள்ளாம்” என்றார் செல்வதாஸ். அந்த ஒரு பாராட்டைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வெந்துவிட்டது.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பதினாறு வருஷம் ஊரான் முகத்தை ஒட்டி விற்றிருக்கிறோமே, இவன் ரெண்டு வருஷத்தில் தனக்கென்று ஒரு முகம் வரைந்துகொண்டு வந்துவிட்டானே என்று அதே நினைப்பு. பேனல் அடிப்பதெல்லாம் செட்டுக்குப் பொட்டு வைக்கிற வேலை, உள்ளே சரக்கிருந்தால் எதற்கு மினுக்கு என்று பெண்டாட்டி பூங்கனியிடம் ஒருபாடு நேரம் பேசினார். அவள் மீன்குழம்புச் சட்டியை மூடிக்கொண்டே, “உங்களுக்கு குசும்பாக்கும்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஆகஸ்டில் நிலைமை இன்னும் மோசமானது. கருங்கலில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் ஞானதாசன், திருவிழாக்காலம் தொடங்குமுன் எட்டு செட்டு மாற்றப் போவதாகச் சொன்னார். ஞானதாசனின் வண்டியில் யார் செட்டு ஏறுகிறதோ அவன்தான் மேற்கே செட்டுக்காரன். மண்டைக்காட்டுக் கொடையானாலும் கடற்கரைக் கோயில் கொடியேற்றமானாலும் சனம் அதைத்தான் கேட்கும். இதுவரை ஞானதாசன் கேள்வியே கேட்காமல் செல்வதாஸிடம் வருவார். இந்தத் தடவை, இனயத்துப் பையனும் ஒரு செட்டு கொண்டுவரட்டும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என் ஷெட்டில் ரெண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்போம் என்றுவிட்டார். செல்வதாஸ் தலையாட்டினார். உள்ளே என்ன ஆட்டம் ஆடியது என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சபை ஆண்டுவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க அந்தப் பிரிண்டிங் கடைக்குப் போனார். லிஜின் முந்தின வாரம்தான் துபாய்க்கு விமானம் ஏறியிருந்தான். அவன் இடத்தில் ஜின்சி என்ற புதுப் பெண். கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தார்கள். அவள் சிடியில் இருந்த ஒரு கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாள். செல்வதாஸைக் கண்டதும் முகம் தெளிந்தது.

“மாமா, நீங்க செட்டு கட்டுற ஆளு இல்லியா? இது இனயத்து ததேயுஸ் அண்ணனுக்க பேனல். நாளைக்கு வேணுமாம். அண்ணன் கடல்ல, போன் போகல்ல. இந்தப் பேரு சரியா?”

செல்வதாஸ் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். அதே நீலம், அதே பொன்கோடு. மேலே நடுவில் மட்டும் தமிழைக் காணோம். fly; என்று இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் தமிழ் எழுத்துகள் இங்கிலீஷ் எழுத்துகளின் முதுகில்தான் உட்கார்ந்திருந்தன. லிஜின் பயன்படுத்திய எழுத்து வகையில் f அடித்தால் க, l அடித்தால் ட, y அடித்தால் ல, அரைப்புள்ளி அடித்தால் மெய்யின் புள்ளி. அந்த எழுத்து வகை கம்ப்யூட்டரில் அழிந்துபோனால் மேலே இருந்த தமிழ் போய், அடியில் கிடக்கும் இங்கிலீஷ் வெளியே வரும். மற்றப் பெயராக இருந்தால் வாயில் நுழையாத எழுத்தாக வந்து ஜின்சிக்கே சந்தேகம் தட்டியிருக்கும். கடல் என்பது ‘ஃப்ளை’ என்று ஒரு முழு வார்த்தையாக வந்து உட்கார்ந்துகொண்டது.

செல்வதாஸுக்கு இந்த எழுத்துக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் அங்கே இருக்க வேண்டியது ‘கடல்’ என்று தெரியும். ததேயுஸ் தன் கையால் காட்டிய பெயர். ஃப்ளை என்றால் ஈ என்றும் அவருக்குத் தெரியும். மீன்காரனுக்க செட்டில் ஈ! ஞானதாசனின் ஷெட்டில் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டார். அப்படி ஒரு குளிர்ச்சி ரெண்டு மாசமாக அவர் நெஞ்சுக்குக் கிடைத்ததில்லை.

“சரிதான் மக்ளே, அடி” என்றார்.

மெஷின் இரைந்து இரைந்து ஸ்டிக்கரை வெளியே தள்ளியது. அவர் போகாமல் கடைசிவரை நின்று பார்த்தார். ஈ இருந்தும் அது அழகாகத்தான் இருந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

சனிக்கிழமை சாயங்காலம் கரையேறிய ததேயுஸ் நேரே கடைக்கு ஓடியிருக்கிறான். பார்த்ததும் தலையில் கை வைத்திருக்கிறான். கடை மூடும் நேரம், மறுபடி அடிக்க அந்த எழுத்து வகையும் இல்லை, மறுநாள் கடையும் இல்லை. தகட்டில் ஓட்டையெல்லாம் அந்த அளவுக்கே போட்டாயிற்று, ரெடிமேட் பேனலும் பொருந்தாது. வேறு வழியில்லாமல் அதையே ஒட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வந்து சேர்ந்தான். செல்வதாஸ் ரெண்டு மணிக்கே போய் முன்வரிசை நாற்காலியைப் பிடித்துவிட்டார்.

சாரத்தைப் பிரித்தான். யாரும் சிரிக்கவில்லை. ஞானதாசன் கிட்டே போய் விரலால் தடவிப் பார்த்தார். “ஃப்ளை” என்று படித்தார். அவருடைய ஆட்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் இது மஸ்கட்டில் கண்ட சரக்கு என்று அடித்துச் சொன்னான். அந்த அரைப்புள்ளிதான் கம்பெனி முத்திரை என்றான் இன்னொருவன். செல்வதாஸுக்குப் பொறுக்கவில்லை. ஃப்ளை என்றால் ஈயல்லவா என்று எடுத்துக்கொடுத்துப் பார்த்தார்.

“ஈயும் பறக்கத்தானே செய்யும். ஃப்ளைட்டு மாதிரி பறக்கும்னாக்கும் இதுக்கு அர்த்தம்” என்று அவர் வாயை அடைத்துவிட்டார் ஞானதாசன்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, ரெண்டு செட்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். முதலில் நாதஸ்வரம், அடுத்தது மாதா கோயில் பாடகர் குழு. அரைமணி நேரம் கேட்டார். கண்ணைத் திறந்து, ரெண்டுக்கும் நூலிழை வித்தியாசமில்லை, கண்ணை மூடினால் எது யாருடையது என்றே தெரியவில்லை என்றார். “ஆனா சனம் கண்ணைத் திறந்துகிட்டாக்கும் வருது” என்று சொல்லி, எட்டு செட்டும் ததேயுஸே கட்டட்டும் என்றார்.

ததேயுஸ் யோக்கியன். அதுதான் செல்வதாஸுக்கு வந்த வினை. அவன் அப்போதே உண்மையைச் சொல்லிவிட்டான்: இது தப்பாக அடித்தது, பேர் கடல், எட்டு பேனலையும் சரியாக அடித்துத் தருகிறேன் என்று. ஞானதாசனின் முகம் மாறியது. கையை வேகமாக ஆட்டினார்.

“வேண்டாம் மக்கா. கடல்னு கண்டிருந்தா நான் செல்வதாஸுக்க செட்டைத்தான் எடுத்திருப்பேன். மீன்பிடிக்கப் போறவன் கட்டின செட்டுன்னு நாலு பேரு நாலு விதமா பறைவான். இந்தப் பேரு போதும்.”

ததேயுஸின் முகம் சுண்டிப்போனது. செல்வதாஸின் முகம் அதைவிடச் சுண்டியது. உள்ளதைச் சொல்லியிருந்தால், ‘தப்பு மக்ளே, கடல்னு வரணும்’ என்று வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால், எட்டு செட்டும் அவருடையது. எதிராளிக்கு வெட்டிய குழியில் மண்ணை நிரப்பி, மேடாக்கி, அதன்மேல் அவனை ஏற்றியும் விட்டிருக்கிறார்.

ஷெட்டுக்கு வெளியே ததேயுஸ் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஜின்சி சொன்னா அண்ணே. நீங்க பாத்து, சரின்னு சொன்னியளாமே.”

செல்வதாஸ் ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தார்.

“முதல்முதல்ல அந்தக் காகிதத்தை உங்ககிட்டதான் காட்டினேன்” என்றான் ததேயுஸ். குரலை உயர்த்தவில்லை. “செரி. நீங்க வச்ச பேரு. இருக்கட்டும்.” செட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் கன்னத்தில் அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். ஆனால் மனுஷனின் வயிற்றெரிச்சலைப் பாருங்கள், வெட்கத்துக்கு அடியிலும் அது அணையவில்லை. அவனுக்கு மட்டும் எப்படி அப்படி ஒரு பேர் உள்ளே ஒளிந்திருந்தது? தனக்கும் ஒன்று இருக்காதா? திங்கட்கிழமை கடை திறக்குமுன்பே போய் வாசலில் நின்றார். தனக்கும் ஒரு பேனல் வேண்டும், பேர் செல்வம், ஆனால் அன்றைக்கு வந்ததுபோல எழுத்து மாறி வர வேண்டும் என்றார். ஜின்சி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். லிஜின் துபாயிலிருந்து மெயிலில் அனுப்பியிருந்த அந்தப் பழைய எழுத்து வகையில் அடித்து, பிறகு அதை இங்கிலீஷ் எழுத்து வகைக்கு மாற்றினாள்.

nry;tk; என்று வந்தது.

செல்வதாஸ் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். படிக்க முடியவில்லை. பெண்டாட்டி பேரைப் போடச் சொன்னார். பூங்கனிக்கு நடுவில் ஒரு கூட்டல் குறி வந்தது. மகள் ஜாஸ்மியின் பேர் ரெண்டு அடைப்புக்குறிக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. கருங்கல் என்று போட்டுப் பார்த்தார்கள். அதுவும் தேறவில்லை. வெளியே வேறு ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். ஜின்சி மறுபடி செல்வத்துக்கே வந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“இது சரியா, மாமா?”

அதே நாற்காலி, அதே கேள்வி. செல்வதாஸ் திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, வெளியே காத்திருந்த ஆளுக்கு அந்த நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.