ஐயாதுரை வீட்டு நாற்றம்

முந்நூற்று எண்பத்தைந்து ரூபாய். ராஜபாளையத்தில் பஞ்சுத் தரகு பார்க்கிற ஐயாதுரை, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கம் குடியிருக்கும் பிளம்பர் அய்யூப்புக்குப் பைப்பு வேலைக்காகத் தர வேண்டிய பாக்கி அது. எண்பத்தேழாம் வருஷம் தை மாதம் புதுவீட்டில் பால் காய்ச்சினார்கள். "ரெண்டு வாரத்துல தந்துருதேன்" என்றார் ஐயாதுரை. ரெண்டு வாரம் கழித்து அய்யூப் போய் நின்றபோது, "கக்கூஸ்ல நாத்தம் குடலைப் புடுங்குது பாய். சரிபண்ணிக் குடுத்துட்டு வாங்கிக்கோ" என்றார்.

ரெண்டு வாரம் இல்லாத நாற்றம் பணம் கொடுக்க வேண்டிய அன்றைக்குப் பார்த்து எப்படி வரும்? அய்யூப்புக்கு அங்கேயே பொறி தட்டியது.

"சாமான் எல்லாம் நீயே வாங்கிப் போடு, கடைசியில மொத்தமா முடிச்சிருவோம்" என்று ஐயாதுரை சொன்னதை நம்பித்தான் அவன் மனைவியின் தோட்டை அடகு வைத்துப் பைப்பும் பெண்டும் வாங்கினான். நூர்னிசா காதில் இப்போது ஈர்க்குச்சி கிடந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அவள் தங்கச்சி அசீனாவுக்கு நிக்காஹ்.

"ஈர்க்குச்சியோட நான் வரமாட்டேன். நீங்க மட்டும் போயி பிரியாணி தின்னுட்டு வாங்க" என்றாள் நூர்னிசா. "அந்த வீட்டுல நாத்தமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. உங்க மூஞ்சியைப் பாத்தா எல்லாத்துக்கும் ஏமாத்தத் தோணுது."

அவள் சொன்னது உறைத்தது. ஏனென்றால் அவன் ஏற்கனவே ரெண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டான். கொல்லையில் செப்டிக் டேங்கின் மூடிப் பலகையைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து பார்த்தால், தண்ணீர் அளவாக நின்றது. அடைப்பு எதுவும் இல்லை. கக்கூஸில் வாளி வாளியாக ஊற்றினான். சத்தமில்லாமல் இறங்கியது. நாற்றம் ஒரு பொட்டு இல்லை. ஐயாதுரையின் மனைவி சீனியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவள், கையை எடுத்துவிட்டு, "இவரு வந்தா மட்டும் எங்கிட்டுப் போயி ஒளியுதோ!" என்றாள்.

மூடியைப் போட்டு, சுற்றிலும் சிமெண்டு பூசிவிட்டு அவன் பஸ் ஏறுவான். மறுநாளே ஆள் வரும், மறுபடியும் நாறுகிறது என்று.

செத்த எலியைக் கொண்டுவந்து போட்டுவைத்துவிட்டு, தான் வரும் நேரம் எடுத்துவிடுகிறார்களோ என்றுகூட நினைத்தான். ரெண்டாம் தடவை கக்கூஸ் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

அதை ஐயாதுரை பார்த்துவிட்டார். அவருக்கு வேறு கணக்கு. "ஓட்டைப் பைப்பைப் போட்டுட்டு, வரும்போதெல்லாம் மெழுகை வச்சு அடைச்சுட்டுப் போறான்" என்று மனைவியிடம் சொன்னார். அய்யூப் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

மூணாம் தடவை, திங்கட்கிழமை, அய்யூப் கடப்பாரையும் கையுமாகப் போனான். ஐயாதுரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு அவன் ரெண்டு கைகளையும் பார்த்தபடியே வந்தார். மூடியைத் திறந்தான். கக்கூஸில் தண்ணீர் ஊற்றினான். ஒன்றுமில்லை.

"மோந்து பாருங்க அண்ணாச்சி. நல்லா இழுத்து மோந்து பாருங்க."

"நீ இருந்தா இருக்காது. நீ போனா வரும். அதானே உன் தொழிலு?"

"அப்ப நான் இங்கயே குடியிருந்துருதேன். தலகாணி ஒண்ணு எடுத்துப் போடுங்க."

"நக்கலா பண்ணுத?"

"கூலி கேட்டு வந்தவனை வாரக்கணக்கா நாத்தம் மோக்க விட்டிருக்கீய. நக்கலு நானா பண்ணுதேன்?"

கோபத்தில் மூடியைத் தூக்கி டேங்கு வாயில் போட்டான். சிமெண்டைக் குழைத்து விளிம்பில் அப்பினான். இனி இந்த வாசல்படி மிதிப்பதில்லை, தோடு மூழ்கினால் மூழ்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கை கழுவக் கக்கூஸ் குழாயடிக்குப் போனான். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைப் போகிற போக்கில் பீங்கானில் கவிழ்த்தான்.

குபுக் என்றது. உள்ளேயிருந்து ஒரு குமிழி எழும்பி உடைந்தது. அழுகிய முட்டை வாடை முகத்தில் அறைந்தது.

"இப்ப என்ன சொல்லுத?" என்றார் வாசலில் நின்ற ஐயாதுரை. அவர் குரலில் சந்தோஷமே இருந்தது.

அய்யூப் பீங்கானைக் குனிந்து பார்த்தான். எலியும் இல்லை, மெழுகும் இல்லை. டேங்கு மூடி திறந்திருந்தபோது கக்கூஸ் நாறவில்லை. மூடினதும் நாறுகிறது. அப்படியென்றால் டேங்குக்குள் இருக்கிற காற்றுக்கு வெளியே போக வழியில்லை. தண்ணீர் இறங்கும்போது அது கக்கூஸ் வழியாகவே திரும்பி வருகிறது. அது போவதற்கென்றுதானே சுவரோரமாக மொட்டைமாடிக்கு மேலே கேஸ் பைப்பு தூக்கி நிறுத்தினேன்?

ஈரக் கையோடு மாடிப்படி ஏறினான். பின்னாலேயே ஐயாதுரையும் சீனியம்மாளும் ஏறினார்கள்.

பைப்பின் உச்சியில் திருஷ்டிப் பானை கவிழ்ந்திருந்தது. கரிப் பானை, சுண்ணாம்புப் புள்ளி, கொடுவாள் மீசை, நீட்டிய நாக்கு. சந்தில் வரும்போதெல்லாம் அவன் பார்த்ததுதான். புதுவீடு என்றால் ஒரு பானை இருக்கும், அது அவர்கள் நம்பிக்கை, நமக்கென்ன என்று ரெண்டாவது தடவை ஏறிட்டுப் பார்த்ததில்லை. இப்போது கிட்டத்தில் பார்த்தான். காற்றில் விழாதபடி பானைக் கழுத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசியிருந்தது.

"இதை யாரு இங்க வச்சது?"

"கொத்தனாரு இருளப்பசாமி" என்றார் ஐயாதுரை. "மொதல்ல கைப்பிடிச் சுவத்துலதான இருந்துச்சு? ஏட்டி, எதுக்கு மாத்துன?"

சீனியம்மாள் தரையைப் பார்த்தாள்.

"கேக்கம்லா?"

"பால் காய்ச்சுன அன்னைக்கு இவரு சந்துல நின்னு இந்தப் பைப்பையே அண்ணாந்து பாத்தாரு. செத்த நேரமா? எம்புட்டு நேரம்! தெருவுலயே இதான் உசரம்னு வேற சொன்னாரு. அந்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல். பொறவு உங்களுக்கு யாவாரம் படுத்துச்சு. கண்ணு எங்க பட்டுச்சோ அங்கயே வைக்கச் சொன்னேன்."

ஐயாதுரை தொண்டையைக் கனைத்தார்.

"பைப்பு நேரா நிக்குதான்னு பாத்தேன்க்கா" என்றான் அய்யூப். பைப்பின் உச்சியைக் காட்டி, "காத்து போற வாயை அடைச்சா அது வீட்டுக்குள்ளதான் வரும்" என்றான்.

"அப்பம் எடுத்துரு பாய்."

"நான் கை வைக்க மாட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு வீட்டுல யாரும் தும்முனா அதுக்கும் நாந்தான்னு வரும். நீங்களே எடுங்க."

கீழே போய்க் கடப்பாரையை எடுத்து வந்து அதன் நுனியால் ஐயாதுரையே சிமெண்டைக் கொத்தினார். பானை உடையாமல் கையோடு வந்தது. கூடவே பைப்பு ஒரு பெருமூச்சு விட்டது. மூணு பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். ஐயாதுரை வாய்விட்டுச் சிரித்தார். சீனியம்மாள் சிரிக்கவில்லை. பானையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கீழே போய், டேங்கு மூடி மூடினபடியே இருக்க, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். குமிழி இல்லை. வாடை இல்லை. ஐயாதுரை தானே இன்னொரு வாளி ஊற்றிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு உள்ளே போய் ரூபாயை எண்ணிக்கொண்டு வந்தார். "முந்நூத்தி எம்பது இருக்கு. அஞ்சு ரூவாதான, பொறவு வாங்கிக்கோ."

"முழுசாக் குடுத்து அனுப்புங்க" என்று அடுப்படியிலிருந்து சீனியம்மாள் குரல் வந்தது. "பாக்கி வச்சா அவரு கண்ணு நம்ம வீட்டு மேலயேதான் இருக்கும்."

அவளே வந்து அஞ்சு ரூபாய்த் தாளை நீட்டினாள். அய்யூப் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். அடகுக் கடை பூட்டுவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடலாம்.

சந்தில் இறங்கினான். பானை இல்லாமல் பைப்பு நேராக நிற்கிறதா, கொத்தினதில் கொஞ்சம் சாய்ந்திருக்குமா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றியது. வாசலில் சீனியம்மாள் நிற்பது தெரிந்தது. கடப்பாரையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமல் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தான்.