நிலவின் மறைவில்

“மறைவுதான், சந்தேகமே இல்ல. எல்லாருக்கும் சொல்லிடுங்க” என்று போனில் சொல்லிவிட்டு அவள் அப்பாவின் கட்டிலுக்குத் திரும்பினாள். விண்கலம் நிலவுக்குப் பின்னால் போனால் சிக்னல் அறுந்துவிடும். அவர்கள் அலுவலகத்தில் அதற்கு மறைவு என்று பெயர். அதன் கேமரா எடுத்து, திரும்பி வந்ததும் அனுப்பும் படங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதால் இன்று வீட்டிலிருந்தே பார்க்கிறாள்.

நிலவின் பின்பக்கத்தை மகளின் கேமரா எடுக்கும் முதல் படம். அதைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அப்பா நேற்றுவரை அடம்பிடித்தார். மதியம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வாசலில் நின்றிருந்த தம்பிக்கு வீட்டில் அவசரக்குடுக்கை என்று பெயர். சும்மாவா வைத்தார்கள்? சற்று நேரத்தில் அத்தையின் போன் வந்தது, ஸ்பீக்கரில், ஒப்பாரியோடு.

“ஐயோ, அண்ணன் போயிட்டாரே!”

“டேய், குரூப்புல என்னடா போட்டே?”

“அப்பா மறைவுன்னு... நீதானேக்கா எல்லாருக்கும் சொல்லச் சொன்னே?”

அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அதற்குள் அப்பாவின் உதடு அசைந்தது. குனிந்தாள்.

“இன்னும்... இருக்கேன்னு... சொல்லு.”

அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். “அப்பனுக்கும் பொண்ணுக்கும் வேற வேலை இல்ல. மாடிக்குப் போனா தெரியாத நிலாவா?”

ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. ‘வந்து தொலையேன், சனியனே’ என்று அவள் விண்கலத்தைத் திட்டினாள். போன் அதிர்ந்தது.

“மேடம், சிக்னல் வந்துடுச்சு. முதல் படம் இறங்குது, பாருங்க.”

படம் மேலிருந்து வரிவரியாக வந்தது. போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். “அப்பா, கண்ணைத் திறங்கப்பா.”

திறந்தார். முதலில் வெறும் கறுப்பு. பிறகு சாம்பல் நிற விளிம்பு, அதன்கீழ் பள்ளம் பள்ளமாக.

“இவ்ளோ... பள்ளமா?”

“ஆமாப்பா. பின்பக்கம் பூரா அடி வாங்கியிருக்கு.”

பாதி நிலவு இறங்கியபோது மூச்சு நின்றது. அடுத்தது வரும் என்று மூவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

பாழாய்ப்போன பாதி! அவள் போன் பிடித்த கை தானாகத் தாழ்ந்தது. தம்பி விம்மியபடி, திறந்திருந்த கண்களை மூடக் கை நீட்டினான்.

அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“இருடா, அவசரக்குடுக்கை. இன்னும் பாதி வரணும்.”

மகளின் முழங்கையைப் பிடித்து, போனைப் பழையபடி அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.